இடுப்பளவு சொல்லும் எச்சரிக்கை

“எனக்கென்ன, ஒல்லியாத்தானே இருக்கேன், சுகரெல்லாம் நமக்கு வராது.” உடலுழைப்பை நம்பி வாழும் எந்த ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்; பழவேற்காட்டு மீனவக் குப்பங்களும் விலக்கல்ல. வலை இழுத்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறால் தடவும் உடம்பில் கொழுப்பு எங்கே சேரப்போகிறது என்பது அதிலுள்ள நியாயம். ஆனால் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது உடம்பில் எந்த இடத்தில் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதை எடை பார்க்கும் எந்திரம் சொல்லாது.

கொழுப்பு எதற்காக?

கொழுப்புத் திசு வீண் சுமையல்ல. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். அதனால்தான் சாப்பாட்டில் மிஞ்சுவதை உடம்பு கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. குதிகாலில் அடி தாங்குவது, சிறுநீரகத்தைச் சுற்றிக் காப்பது, உடல் சூட்டைத் தக்கவைப்பது எல்லாம் அதன் வேலைதான். ‘இருப்பு போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனும் அங்கேதான் சுரக்கிறது. 1994இல் இது கண்டுபிடிக்கப்பட்டது. பிறவியிலேயே கொழுப்புத் திசு இல்லாதவர்கள் உண்டு. அவர்களுக்குக் கடுமையான சர்க்கரை நோய் வருகிறது. கொழுப்பைச் சேமிக்க இடமில்லாமல் போவதும் ஆபத்துதான் என்பதற்கு இதுவே சாட்சி.

படகிலிருக்கும் ஐஸ் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி கொள்ளும்வரை மீன் கெடாது. நிரம்பிய பிறகும் மீன் வந்துகொண்டே இருந்தால் தளத்தில் கிடந்து வெயிலில் நாறும். தோலுக்கடியில் உள்ள கொழுப்புதான் அந்தப் பெட்டி. அது நிரம்பினால் மிச்சம் குடலைச் சுற்றியும், கல்லீரல், தசை, கணையம் ஆகியவற்றுக்குள்ளும் போய்ச் சேரும். அங்கே சேர்ந்த கொழுப்பு இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. சர்க்கரை ஏறும், பிரஷர் கூடும், மாரடைப்புக்கு வழி திறக்கும்.

நம்மவர்களில் பலருக்கு இந்தப் பெட்டி சிறியது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரும் தங்களையே அளந்து 2004இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு ஒன்றுதான்: 22.3. உடலில் கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது கற்பனையல்ல.

உழைப்பு நிற்கும், சாப்பாடு நிற்காது

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடினாலும், புயல் எச்சரிக்கை வந்தாலும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டாலும் தொழிலுக்குத் தடைதான். அந்த நாட்களில் உழைப்பு நின்றுபோகும். தட்டில் சோறு குறையாது. நல்ல இறாலும் நண்டும் விலைக்குப் போய்விட, வீட்டில் மிஞ்சுவது பல நேரம் ரேஷன் அரிசியும் பாமாயிலில் பொரித்ததும்தான். பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. கருவாட்டு உப்பு பிரஷரை ஏற்றும். தினமும் குடிப்பவரின் கல்லீரலில் கொழுப்பு இன்னும் வேகமாகப் படியும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கு அதிக எடை அல்லது உடற்பருமன். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது.

காலில் தொடங்கும் ஆபத்து

ஏரியில் இறங்கிப் பிழைப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் இன்னொரு வகையிலும் கொடியது. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவும் இருளர் பெண்களைப் பாருங்கள். காலடியில் கிளிஞ்சல் ஓடு கீறும், கெளுத்தி முள் குத்தும். உணர்வுள்ள கால் உடனே வலிக்கும். பல ஆண்டு கட்டுக்கடங்காத சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால், குத்தியதே தெரியாது. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் சில அந்தக் காயம் வழியே நுழையலாம். சர்க்கரையோ கல்லீரல் நோயோ உள்ளவருக்கு இவை சில மணி நேரத்திலேயே சதையை அழுகவைத்து உயிருக்கே உலைவைக்கக்கூடும்.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை கண்ணால் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டிலுள்ளவர்கள் பார்த்துச் சொல்லட்டும். காயத்தில் சுண்ணாம்பு, மஞ்சள் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். சிவந்து வீங்கினாலோ, கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏரியில் இறங்கியதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு நைலான் கயிறு போதும்

வலை பின்னும் கயிற்றை எடுத்து உச்சி முதல் பாதம் வரை உங்கள் உயரத்தை அளந்து வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து, மூச்சை இயல்பாக விட்டபடி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றிப் பாருங்கள். முனைகள் சேரவில்லையென்றால் வயிற்றில் கொழுப்பு அதிகம். டேப் இருந்தால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு பொருந்தாது. எல்லையைத் தாண்டியவர்களும், 30 வயதைக் கடந்த எல்லோரும் சர்க்கரை, பிரஷர் இரண்டையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோயாக இருக்கலாம். மறுபடியும் சோதித்து உறுதி செய்வார்கள். 100 முதல் 125 வரை எச்சரிக்கை நிலை.

எச்சரிக்கை நிலையிலிருந்து திரும்ப முடியும். மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியதால் மட்டுமே சர்க்கரை நோய் வரும் ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது. சோற்றைக் குறைத்துக் குழம்பு மீனைக் கூட்டுங்கள். மத்தியும் காணாங்கத்தையும் வஞ்சிரத்துக்குச் சளைத்தவை அல்ல. அவற்றில் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு நிறைய. எண்ணெய் தலைக்கு மாதம் அரை லிட்டருக்குள் நிற்கட்டும். தொழிலில்லாத நாளிலும் அரை மணி நேரம் நடங்கள்.

உங்களுக்கு உரியவை

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அங்கே முடியாததற்குப் பொன்னேரி அரசு மருத்துவமனையும் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். உங்கள் பெயர் பட்டியலில் இல்லையென்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுச் சேருங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் பதியலாம். காப்பீட்டில் அடங்கிய சிகிச்சைக்கு மருத்துவமனை பணம் கேட்டால் 1800 425 3993 எண்ணில் புகார் செய்யலாம்.

கடைகளில் கறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம் அனுப்பலாம். சர்க்கரையையும் தொப்பையையும் அடியோடு போக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினால் காலையே இழக்க நேரலாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. செவிலியர் வீடு தேடி வரும் பகல் வேளையில் ஆண்கள் ஏரியிலோ கடலிலோ இருப்பார்கள்; பெண்கள் மீன் விற்கப் போயிருப்பார்கள். பட்டியலில் ‘வீட்டில் இல்லை’ என்று பதிவாகிவிடும். ஆகவே அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்: பரிசோதனை முகாம் மாலையிலோ, ராக்கெட் விடும் நாளிலோ, படகு கரையில் நிற்கும் வேறு நாளிலோ குப்பத்திலேயே நடக்க வேண்டும், கால் பரிசோதனையும் அதில் சேர வேண்டும். தீர்மானத்தின் நகலைப் பொன்னேரி சார் ஆட்சியருக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.