மூடி போட்ட கல்லறை

பாரீஸுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது சான் ஜெர்மான் ஆன் லே. கால்பந்து ரசிகர்களுக்கு பி.எஸ்.ஜி. அணியால் பழகிய பெயர். அங்குள்ள பழைய அரண்மனைதான் பிரான்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். 1867இல் திறந்தது. அதன் அகழிக்குள், நெடுக நட்ட கற்பலகைகளாக நிற்கிறது ஏறக்குறைய 5,000 ஆண்டு பழைய கல்லறை ஒன்று.

அதன் சொந்த ஊர் கான்ஃப்லான் சாந்த் ஒனொரின். சேன், வாஸ் ஆறுகள் சேருமிடம். நம் பவானி போல அதுவும் ஒரு கூடுதுறை. 1872இல் அங்கே கண்டெடுத்த கற்களைப் பெயர்த்து வந்து இங்கே மறுபடி நிறுத்தினார்கள்.

நான் வியப்பது அதன் வாசலைத்தான். குறுக்கே நிற்கும் பலகையில் ஒரு வட்டத் துளை. அதை அடைக்க, அளவாகச் செதுக்கிய ஒரு கல்மூடி. இரும்பை அறியாத மக்கள் கல்லால் கல்லைக் குடைந்த வேலை இது.

புதைத்தவனுக்கு மூடி எதற்கு? மறுபடி திறப்பதற்குத்தான். இவ்வகைக் கல்லறைகள் ஓர் ஆளுக்கானவை அல்ல, ஒரு கூட்டத்துக்கானவை. அடுத்த சாவு விழுந்ததும் மூடியை எடுத்து, பழைய எலும்புகளை ஒதுக்கி, புதிய உடலைக் கிடத்துவார்கள். சோம் பகுதியில் லா ஷோசே திரான்கூர் என்ற ஊரின் கல்லறையை 1967 முதல் அடுக்கடுக்காகத் தோண்டியபோது, சுமார் 350 பேரின் எலும்புகள் கிடைத்தன. எது முன், எது பின் என்பதை அந்த அடுக்குகளே சொல்லும். பெயர்த்துவந்த கற்களிடம் அதைக் கேட்க முடியாது. இடமாற்றம் கல்லைக் காப்பாற்றும், மண்ணைக் காப்பாற்றாது.

நொய்யல் கரையில் கொடுமணல் கல்லறைகளிலும் இப்படி வட்டத் துளை உண்டு. நம் ஆய்வாளர்கள் 'இடுதுளை' என்பார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி; உறவு ஏதும் இல்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்களுக்கு இந்த ஒற்றுமை பெரும் மயக்கம். தக்காணத்துக் கல்லறைகளைத் தோண்டிய மெடோஸ் டெய்லர் அவற்றில் ஐரோப்பிய கெல்ட்டுகளின் சாயலைத் தேடினார்.

பாரீஸ் போகிறவர்களுக்கு ஒரு சொல்: ஆர்.இ.ஆர். 'ஏ' ரயில் தடத்தின் ஒரு கிளை இந்த ஊரில்தான் முடிகிறது. வெளியே வந்தால் எதிரிலேயே அரண்மனை. அகழிக்குள் இறங்கலாமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.