இழப்பின் துயரமும் ஆற்றங்கரையும்

நெருங்கிய ஒருவரை இழந்தபின் வரும் துயரம் நோயன்று. உறக்கம் கெடுதல், பசியின்மை, இறந்தவரின் குரல் கேட்டதுபோலத் தோன்றுதல் ஆகியவை முதல் வாரங்களில் பலருக்கும் ஏற்படும். ஆனால் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், அதைத் துக்கத்தின் விளைவென்று எண்ணி வீட்டில் இருந்துவிடக் கூடாது. இழப்பை அடுத்த நாட்களில் மாரடைப்புக்கான வாய்ப்பு கூடுகிறது; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

திருநெல்வேலிப் பகுதியில் துக்கத்தில் இருப்போர் தாமிரபரணிக்குச் செல்வது நெடுங்கால வழக்கம். ஆடி, தை அமாவாசைகளில் பாபநாசம் படித்துறையில் பெருங்கூட்டம் கூடுகிறது. அதன் சமயப் பொருளை விளக்குவது மருத்துவரின் பணியன்று. எனினும் அங்கு உடலுக்கும் மனத்துக்கும் நேர்வதைக் கூற இயலும். வாரக்கணக்கில் அறைக்குள் இருந்தவர் விடியுமுன் எழுகிறார், நடக்கிறார், காலை வெயில் அவர்மேல் படுகிறது. உறக்கத்தை நெறிப்படுத்தும் உடற்கடிகாரத்துக்கு அவ்வொளி தேவை. தம்மைப்போல் இழந்தவர்கள் நடுவே அமர்கிறார். வீட்டில் அழுகைக்கு அஞ்சி எவரும் உச்சரிக்காத பெயரை, தர்ப்பணத்தின்போது வாய்விட்டுச் சொல்கிறார். பொதிகையிலிருந்து வரும் நீரில் மூழ்கி எழுந்தபின் மனம் சற்றே லேசானதாகப் பலர் கூறுவதில் வியப்பில்லை.

இந்த ஆறுதல் பெரும்பாலும் மகனுக்கே, அதுவும் ஒரு காலைப்பொழுதுக்கே கிடைக்கிறது. கணவரை இழந்த பெண்ணைச் சில குடும்பங்கள் மாதக்கணக்கில் வெளியே அனுப்புவதில்லை. வெளிச்சமும் நடையும் பேச்சும் மிகுதியாகத் தேவைப்படுபவர் அவரே. அவரை அடைத்து வைப்பதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. நாள்தோறும் அரைமணி நேரம், உறவினர் ஒருவர் உடன்வர, ஆற்றங்கரையிலோ வாய்க்கால் வரப்பிலோ அவர் நடக்கலாம். பேசியே ஆக வேண்டும் என்பதில்லை.

எல்லோருக்கும் ஆறு ஆறுதல் தருவதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் உறவினரையோ வீட்டையோ இழந்தவர்களுக்கு நீரின் ஓசையே அச்சத்தை மீட்டெடுக்கலாம். அவர்களை வற்புறுத்தி அழைத்துச் செல்லாதீர்கள். வயல்வெளியோ வீட்டு வேப்பமரத்தடியோ போதுமானது.

சர்க்கரை நோயாளிகள் அமாவாசை விரதத்துக்காக மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்தவோ, உணவின்றி அவற்றை எடுத்துக்கொள்ளவோ கூடாது. முன்னரே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பல நாட்கள் உறங்காதவர்கள் தனியே ஆற்றில் இறங்கலாகாது. அணையில் நீர் திறக்கப்பட்டுள்ள நாட்களில் எவரும் இறங்கலாகாது.

துயரம் ஆறு மாதங்களுக்குப் பின்னும் சிறிதும் தணியாமல், அன்றாட வேலைகளைச் செய்யவிடாமல் தடுத்தால், அதை நீடித்த துயரக் கோளாறு என உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு குறிப்பிடுகிறது. இதற்கு உளவியல் சிகிச்சை உண்டு. நடையும் நீராடலும் அதற்கு மாற்றாகா. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். “நானும் போய்விட வேண்டும்” என்று ஒருவர் கூறினால் ஆறு மாதம் காத்திருத்தல் கூடாது. அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலிமனாஸ் எண் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104 ஆகியவற்றில் இரவிலும் பேசலாம், குடும்பத்தினரும் அழைக்கலாம்.