மானுக்குக் கைத்துப்பாக்கி போதுமா?

நவம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் நம்மவர் வேலை செய்யும் இடங்களில் மான் வேட்டைப் பேச்சு கிளம்பிவிடும். நாம் தீபாவளிப் பலகாரத்தை நீட்டினால், பக்கத்து மேசைக்காரர் வாரக் கடைசியில் காட்டுக்குப் போய் வந்த கதையைச் சொல்லுவார். சில வீடுகளுக்கு அண்டை வீட்டிலிருந்து மான் இறைச்சிப் பொட்டலமும் வரும். இதையெல்லாம் பார்த்து வளரும் பிள்ளைகள், "சினிமாவில் வருகிற மாதிரி கைத்துப்பாக்கியாலேயே மானைச் சுடலாமா?" என்று கேட்பார்கள். கோடையில் ஊருக்குப் போய் அலிபிரி வழியாகத் திருமலை ஏறும்போது வழியிலுள்ள மான் பூங்காவைக் கண்டால், "இங்கே யாரும் சுடமாட்டார்களா?" என்ற அடுத்த கேள்வியும் வந்து சேரும். இரண்டுக்கும் சரியான விடையைப் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வேட்டையாடாத குடும்பங்களுக்கும் இதில் கவனிக்க வேண்டியவை உண்டு.

தோட்டாவின் வலிமை

துப்பாக்கிக் குண்டின் ஆற்றல் இரண்டைப் பொறுத்தது: அதன் எடை, அதன் வேகம். எடை இரண்டு மடங்கானால் ஆற்றலும் இரண்டு மடங்காகும். வேகம் இரண்டு மடங்கானாலோ ஆற்றல் நான்கு மடங்காகிவிடும். பள்ளிக்கூடப் பௌதிகப் பாடத்தில் படித்ததுதான்.

கைத்துப்பாக்கிகளில் பேர் பெற்ற .44 மேக்னம் ஐம்பதுகளின் நடுவில் வந்தது. அதன் குண்டு சுமார் 15.5 கிராம் எடையுள்ளது, வினாடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கணக்கிட்டால் சுமார் 1,240 ஜூல் வரும். மான் வேட்டைக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் ரைபிள் தோட்டாக்களில் ஒன்றான .30-06 வகையில் குண்டு 11.7 கிராம்தான். ஆனால் வேகம் வினாடிக்கு 820 மீட்டர் என்பதால் ஆற்றல் 3,900 ஜூலுக்கு மேல் போகிறது. எடை குறைந்த குண்டு மூன்று மடங்கு வலிமை காட்டுவதற்குக் காரணம் வேகம். நீண்ட குழலும் மிகுதியான வெடிமருந்தும் அந்த வேகத்தைத் தருகின்றன.

1935-இல் வந்த .357 மேக்னம் 700 ஜூலுக்குச் சற்று மேலே நிற்கும். பல நாட்டுப் போலீசார் வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் சுமார் 500 ஜூல். இந்தியாவில் உரிமம் பெற்றவர்களிடம் பொதுவாகக் காணப்படும் .32 ரிவால்வரோ 150 முதல் 180 ஜூலோடு நின்றுவிடும்.

மான் எதனால் விழுகிறது?

ஆற்றல் மட்டுமே எல்லாம் என்றால் வில்லும் அம்பும் எப்படி மானை வீழ்த்தின? இன்றைய வேட்டை வில்லின் அம்பு சுமார் 100 ஜூல் அளவே கொண்டு செல்கிறது. ஆனாலும் அமெரிக்காவில் வில் வேட்டைக்கென்றே தனிப் பருவம் உண்டு. வேடர் குலத்தில் பிறந்த கண்ணப்ப நாயனாரின் காளத்தி மலையும் நாம் பேசப்போகும் மலைகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அக்கால வேடர்கள் கையில் இருந்ததும் வில்தான்.

அம்பின் முனை கத்தி போன்றது. நுரையீரலையும் பெரிய இரத்தக் குழாய்களையும் அறுத்து, இரத்தம் வடிந்து விலங்கு விழும்படி செய்கிறது. ரைபிள் குண்டு வேறு விதம். மிக வேகமாகச் செல்வதால் தான் போகும் பாதையைச் சுற்றியுள்ள தசையையும் கிழித்து விடுகிறது. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அம்பின் கூர்மையும் கிடையாது, ரைபிளின் வேகமும் கிடையாது. பெரும்பாலும் தன் அகலத்துக்கு ஒரு துளை போடுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். அந்தத் துளை இதயத்திலோ நுரையீரலிலோ விழுந்தால் மான் விழும், அப்போதும் நூறு கஜம் ஓடிய பிறகே விழலாம். குடலில் பட்டால் புதருக்குள் ஓடி ஒளிந்து, பல மணி நேரம் துடித்துச் சாகும். காலில் பட்டால் நாள் கணக்கில் நொண்டித் திரியும்.

போதாக்குறைக்கு, கைத்துப்பாக்கியின் குழல் குட்டையானது. தோளில் அணைத்துப் பிடிக்கவும் முடியாது. கை சிறிது நடுங்கினாலும் 50 கஜத்தில் குறி பல அங்குலம் விலகிப்போகும். ஆகவே "சாகுமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "உடனே, தவறாமல் சாகுமா?" என்பதே பொறுப்புள்ள வேட்டைக்காரர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

நாடுகள் போட்ட கோடு

இந்தக் கேள்விக்குச் சட்டங்கள் எண்களாலேயே விடை சொல்கின்றன. கொலராடோ மாநிலத்தில் மான் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாடும் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 50 கஜத் தொலைவிலும் 550 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 745 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். சாதாரண .357 அந்த அளவை எட்டாது; .44 மேக்னம் எட்டிவிடும். ஒகையோ மாநிலம் .357-ஐயும் ஏற்கிறது, ஆனால் குழல் குறைந்தது 5 அங்குல நீளம் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பெரிய வகை மான்களுக்கு ரைபிளே வேண்டும். அதுவும் 1,700 அடி-பவுண்டுக்கு, அதாவது சுமார் 2,300 ஜூலுக்குக் குறையக் கூடாது. எந்த மேக்னம் ரிவால்வரைக் கொண்டு வந்தாலும் அங்கே செல்லாது. போதாததற்கு 1997-இல் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளையே ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. கனடாவிலும் கைத்துப்பாக்கியால் வேட்டையாட முடியாது. ஜெர்மனியில் மான் வேட்டையில் அது ஒரு வேலைக்கு மட்டும் அனுமதி பெறுகிறது: ஏற்கெனவே அடிபட்டுத் துடிக்கும் விலங்கின் வேதனையை அருகில் நின்று முடிப்பதற்கு. அதற்கும் குறைந்தது 200 ஜூல் வேண்டும் என்பது விதி. நம் ஊர் .32 ரிவால்வர் அதற்கும் தேறாது.

சுருங்கச் சொன்னால், சக்தி மிகுந்த சில கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் நல்ல குறிகாரர் கையில், 50 கஜத்துக்குள், வெள்ளைவால் மானுக்குப் போதும். மற்றவை போதாது.

சித்தூர், திருப்பதி மலைகளில்

இனி இரண்டாவது கேள்வி. சேஷாசலம் காடுகளில் புள்ளிமானும் கடமானும் உண்டு. புள்ளிமான் கலை 70 முதல் 90 கிலோ வரை இருக்கும், வெள்ளைவால் மானுக்கு ஏறக்குறைய ஈடு. கடமான் கலை 200 கிலோவைத் தாண்டும், அதற்கு.44 மேக்னமும் சந்தேகம்தான்.

ஒரு காலத்தில் இம்மலைகளில் வேட்டை வெளிப்படையாகவே நடந்தது. பெங்களூரைச் சேர்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் 1954-இல் வெளியிட்ட நூலில் இப்பகுதியின் சாமலப் பள்ளத்தாக்குப் புலியைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. அவர் வழக்கமாகத் தூக்கிச் சென்றது .405 வின்செஸ்டர் ரைபிள். அதன் ஆற்றல் 4,300 ஜூலுக்குக் குறையாது.

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமத்தோடு வேட்டையாட இடம் கொடுத்திருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் புள்ளிமானைப் போன்ற பெரிய விலங்குகளை ரைபிளால் மட்டுமே சுட வேண்டும் என்று அச்சட்டம் சொன்னது. தனி அனுமதி பெற்றால் ஒற்றைக் குண்டு போட்ட ஷாட்கன்னைப் பயன்படுத்தலாம். கைத்துப்பாக்கிக்கு அப்போதும் இடமில்லை. 1991-இல் உரிமம் தரும் பிரிவுகளே நீக்கப்பட்டு, அந்தக் கதவும் சாத்தப்பட்டது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் பயிர்ப் பாதுகாப்புக்கென்று குறிப்பிடுவது வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அந்த உரிமம் மான் சுட அனுமதி ஆகிவிடாது.

திருமலையைச் சூழ்ந்த காடு 1989-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா ஆனது. அடுத்த ஆண்டு பலமனேர், குப்பம் பக்கத்தில் கௌண்டின்யா சரணாலயம் வந்தது. 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானாலும் காட்டுக்குச் சட்டம் ஒன்றுதான். தேசியப் பூங்காவிலோ சரணாலயத்திலோ வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வண்டியும் ஆயுதமும் பறிபோகும்.

அப்படியும் மான்கள் அங்கே சாகின்றன. நாட்டுத் துப்பாக்கி, கண்ணி, கள்ள மின்கம்பி ஆகியவை அவற்றை மாய்க்கின்றன. தோட்டா வலிமையைப் பற்றி மேலே பார்த்த எந்தக் கணக்கும் இவற்றுக்குப் பொருந்தாது. குறி தவறி அடிபட்ட மானைத் தேடிப் போய் அதன் வேதனையை முடிக்க அங்கே யாரும் வருவதில்லை. திருட்டு வேட்டைக்காரன் அகப்படாமல் தப்புவதையே பார்ப்பான்.

நம் குடும்பங்கள் கவனிக்க

ஊருக்குப் போகும் இளைஞர்கள், "இங்கே நாங்கள் சுடுகிறோமே" என்று உறவினர் வீட்டுத் துப்பாக்கியை விளையாட்டாகக் கூட எடுக்கக் கூடாது. கலைமானைச் சுட்டதாக 1998-இல் தொடங்கிய வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 20 ஆண்டுகள் கழித்து, 2018-இல், ஜோத்பூர் நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது. புகழும் பணமும் உள்ளவருக்கே இந்தப் பாடு.

காட்டோரக் கிராமங்களில் யாராவது மான் கறி என்று கொடுத்தால் வாங்காதீர்கள். கைவசம் வைத்திருப்பதே குற்றம். தாத்தா காலத்து மான் கொம்பு வீட்டில் தொங்கினாலும் அதை நினைவுப் பொருளாக வெளிநாட்டுக்கு எடுத்து வர முடியாது.

அமெரிக்காவில் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அந்நாட்டு மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. நண்பர் அழைத்தார் என்று துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் மறுபடி கேட்டால் இப்படிச் சொல்லலாம்: மானைச் சுட அனுமதிக்கும் நாடுகளும், அது வேதனையின்றி விழ வேண்டும் என்பதற்காகத் தோட்டாவுக்கு ஓர் அளவு வைத்திருக்கின்றன. நம் ஊர் மலைகளில் அந்த அளவுக்கே வேலையில்லை. அங்கே மானைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவதுதான் முறை.