மேடையிலிருந்து சட்டமன்றத்துக்கு: கே. பி. ஜானகி அம்மாள் (1917–1992)

சிவகாசியில் 1886-இல் பிறந்தவர் நாடகக் கலைஞர் எஸ். எஸ். விஸ்வநாததாஸ். புராண நாடகத்தின் நடுவே வெள்ளையர் ஆட்சியைச் சாடிப் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்றவர். அவருடைய சாதியைக் காரணம் காட்டி, அவரோடு மேடையேற நடிகைகள் பலர் மறுத்தார்கள்.

மறுக்காதவர் மதுரையில் பிறந்த ஜானகி. தேர்தலில் நிற்பதற்கு வெகு முன்பே அவர் எடுத்த துணிச்சலான அரசியல் முடிவு அதுதான்.

சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பாடி நடித்துப் பெயரும் பணமும் ஈட்டினார். ஆர்மோனியக் கலைஞர் குருசாமியை மணந்தார். விடுதலைப் போராட்டம் இருவரையும் இழுத்தது. காங்கிரஸ், பிறகு காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி, அதன்பின் கம்யூனிஸ்ட் கட்சி என்று ஜானகியின் பாதை நீண்டது. இரண்டாம் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காக இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதானார். நகைகளும் பட்டுப்புடவைகளும் இயக்கச் செலவுக்கே போயின. தொண்டர்கள் அவரை 'அம்மா' என்றே அழைத்தார்கள்.

1967-இல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராக மதுரை கிழக்குத் தொகுதியில் வென்று சட்டமன்றம் சென்றார். 1970-களில் பாப்பா உமாநாத்துடன் சேர்ந்து ஜனநாயக மாதர் சங்கத்தைத் தமிழ்நாட்டில் கட்டியெழுப்பினார்.

அவர் தேர்தலில் நின்றபோது பெண்களுக்கு இட ஒதுக்கீடு இல்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத்திருத்தம் 2016-இல் வந்தது. விஸ்வநாததாஸ் பிறந்த சிவகாசி மாநகராட்சியான பிறகு, 2022-இல் அதன் முதல் மேயராகப் பொறுப்பேற்றவரும் ஒரு பெண்தான்: சங்கீதா இன்பம்.