மரச்சீனிக் குழை தின்ற ஆடு

விளையில் மரச்சீனி (மரவள்ளி) பிடுங்கும் நாளில் எல்லாருடைய கண்ணும் கிழங்கின்மேல்தான். வெட்டிச் சாய்த்த மூட்டின் இலைக்குழையும் சீவிய தொலியும் ஓரமாகக் குவிந்து கிடக்கும். கயிறு அவிழ்ந்த ஆடு முதலில் வாய் வைப்பது அங்கேதான். சில நேரம் கால் மணி நேரம்கூட ஆகாது. மூச்சிரைத்து, நுரை தள்ளி, கால் வெட்டி இழுத்து விழுந்துவிடும். குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் ஆடு வளர்ப்பவர்களுக்கு இது கேள்விப்படாத சாவு அல்ல. ஆனால் இது தடுக்கக்கூடிய சாவு. நேரத்தோடு ஊசி போட்டால் பிழைக்கவும் வைக்கலாம்.

மரச்சீனியின் இலை, தொலி, கிழங்கு எல்லாவற்றிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. இலை கசங்கும்போது செடியிலேயே உள்ள நொதி அதை உடைக்க, ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் சேர்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 20 கிலோ ஆட்டுக்கு வெறும் 40 மில்லிகிராம். பன்றியின் வயிற்று அமிலம் இந்த நொதியை ஓரளவு முடக்கிவிடும். அசைபோடும் ஆடு மாடுகளுக்கு அந்தக் காவல் இல்லை. அவற்றின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களே நஞ்சை வேகமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், உடல்தான் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் தவிக்கும். தொடக்கத்தில் ஈறும் கண் இமையின் உள்பக்கமும் பளிச்சென்று சிவந்திருப்பது அதனால்தான்.

“நாங்களே அவித்துத் தின்கிற இனிப்புக் கிழங்குதானே” என்பார்கள். கிழங்கின் சதையைவிட இலையில் நஞ்சு அதிகம், இனிப்பு வகையிலும்தான். கொழுந்து இலையில் இன்னும் அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், மரச்சீனி இலையிலிருந்து ‘நன்மா’, ‘மென்மா’ என்று பூச்சிக்கொல்லிகளையே உருவாக்கியிருக்கிறது. நம் மாவட்டத்தில் எங்கும் நிற்கும் ரப்பரின் இலையிலும் விதையிலும் இருப்பதும் இதே லினமாரின்.

பலர் யோசிக்காத ஒன்று, கிழங்கு அவித்து வடித்த தண்ணீர். லினமாரின் தண்ணீரில் கரையும். கொதியில் நொதி செத்தாலும் லினமாரின் மிஞ்சும். மாட்டின் இரைப்பை அதை உடைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரைக் காடியில் சேர்க்காதீர்கள், தென்னை மூட்டில் ஊற்றிவிடுங்கள்.

குழையை வீணாக்கவும் வேண்டாம். சிறிதாக நறுக்கி, வெயிலில் மெல்லப் பரப்பி, நொறுங்கும்வரை காயவிட்டால் பெரும்பகுதி நஞ்சு போய்விடும்; புரதம் மிகுந்த தீவனம் கையில் நிற்கும். அரைகுறையாக வாடிய இலை போதாது. காய்ந்ததையும் மற்றத் தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்தே கொடுக்க வேண்டும்.

ஆடு விழுந்துவிட்டால் மோரும் எண்ணெயும் வாயில் ஊற்றுவதுதான் முதலில் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். விழுங்க முடியாத ஆட்டுக்கு அது நுரையீரலில் இறங்கும். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். என்ன தின்றது, எப்போது தின்றது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் இரத்தக் குழாய் வழியே ஏறினால் சாகக் கிடக்கும் ஆடும் எழுந்து நிற்க வாய்ப்புண்டு. கால்நடை மருத்துவப் படிப்பில் எல்லா மாணவரும் படிக்கும் சிகிச்சை இது. அந்த மருந்து உங்கள் ஊர் மருந்தகத்தில் இருப்பு இருக்கிறதா என்று அறுவடைக்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் கிராம சபையில் கேள்வி எழுப்புங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி சிகிச்சை தர வேண்டியவர் பதிவு பெற்ற மருத்துவர். ஊசி போடத் தெரிந்தவர் எல்லாம் மருத்துவர் அல்ல.

செத்துவிட்டால் உடனே புதைக்காதீர்கள், சமைக்கவும் வேண்டாம். காப்பீடு இருந்தால் முதலில் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். காது வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு கிடைப்பது கடினம். 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி கால்நடைக் காப்பீட்டில் பயனாளியின் பிரீமியப் பங்கு 15 சதவீதம்தான்.

காப்பீடு இல்லாதவருக்கும் பரிசோதனை தேவை. ஆடு திடீரென்று செத்தால் பக்கத்து விளைக்காரர்மேல் சந்தேகம் விழும். வேலித் தகராறு இருந்தால் கேட்கவே வேண்டாம். வேண்டுமென்றே விஷம் வைத்துக் கால்நடையைக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குழை தின்று செத்ததா, யாரேனும் விஷம் வைத்தார்களா என்பதை இரைப்பையில் கிடப்பதை ஆய்வு செய்தால்தான் சொல்ல முடியும். சயனைடு ஆவியாகிப் போய்விடும் நஞ்சு. மாதிரியைத் தாமதமின்றி எடுத்து, காற்றுப் புகாமல் மூடிக் குளிரில் வைத்து அனுப்பும்படி மருத்துவரிடம் கேளுங்கள். முடிவு வரும்வரை பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போகாதீர்கள்.