சராசரி கணக்கில் சறுக்கல் வேண்டாம்



விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மணிலாவானாலும் உளுந்தானாலும் ஒரே நாளில் குவியலுக்கு ஒரு விலை விழுவது நாம் அறிந்ததே. அதனால்தான் மத்திய அரசு 2000-ஆம் ஆண்டு தொடங்கிய அக்மார்க்நெட் விலைப்பட்டியலில் குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு விற்ற விலை என மூன்றைப் போடுகிறார்கள். பல விலைகளை ஒரே எண்ணாகச் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

உதாரணத்துக்கு, இரும்பைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் ஒரே ரக உளுந்தை மூன்று தவணையாக வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ரூ.9,000 விலையில் 10 மூட்டை, ரூ.8,400-ல் 30 மூட்டை, ரூ.7,800-ல் 60 மூட்டை. மூன்று விலையையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ரூ.8,400 வரும். ஆனால் அவர் கொடுத்த மொத்தப் பணம் ரூ.8,10,000, மூட்டைகள் 100. உண்மையான அடக்கவிலை ரூ.8,100 தான். மூட்டைக்கு ரூ.300 கூடுதலாக நினைத்து விலை வைத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

லாபக் கணக்கில் இந்தத் தவறு இன்னும் ஆபத்தானது. மாதம் அரிசி ரூ.1,00,000-க்கு விற்று 4 சதவீதம், பருப்பு ரூ.40,000-க்கு விற்று 8 சதவீதம், மசாலாச் சாமான்கள் ரூ.10,000-க்கு விற்று 18 சதவீதம் லாபம் என்போம். சதவீதங்களின் சராசரி 10. ஆனால் கைக்கு வருவது 4,000, 3,200, 1,800, ஆக ரூ.9,000. மொத்த விற்பனை ரூ.1,50,000-க்கு இது 6 சதவீதமே. வாடகை, கூலி, வட்டி, மின்கட்டணம் சேர்ந்து ரூ.12,000 ஆனால், ரூ.3,000 மிச்சம் என்று எண்ணியிருப்பவருக்கு உண்மையில் ரூ.3,000 நஷ்டம். வியாபாரம் நன்றாக நடந்தும் முதல் கரைவது இப்படித்தான்.

இப்போது பிள்ளைகள் கடைக்கணக்கைக் கம்ப்யூட்டரில் எக்செல்லில் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ‘ஆவரேஜ்’ என்று கொடுத்தால் அது 10 மூட்டைக்கும் 60 மூட்டைக்கும் ஒரே மதிப்புதான் கொடுக்கும். பிவட் டேபிளில் ரகவாரியாகப் பிரித்து விலைக்குச் சராசரி கேட்டாலும் அதே கதைதான். ஆகவே மூட்டைக்கு ஒரு பத்தி, விலைக்கு ஒரு பத்தி, இரண்டையும் பெருக்கிய தொகைக்கு ஒரு பத்தி போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் தொகையைக் கூட்டி, மூட்டைகளின் கூட்டலால் வகுக்க வேண்டும். லாபத்துக்கும் அப்படியே: லாபத் தொகையைக் கூட்டி, விற்பனைத் தொகையால் வகுக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்குப் பேரேடும் பென்சிலும் போதும்.

சதவீதத்தைச் சதவீதத்தோடு கூட்டாதீர்கள். ரூபாயை ரூபாயோடு கூட்டுங்கள். இந்த மாதக் கணக்கு முடிக்கும்போதே ஒருமுறை இப்படிப் போட்டுப் பார்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.