திண்ணையில் ஒரு தனிக் கச்சேரி! மனம் மாறினார் மகாவித்துவான்!

மேடை இல்லை. மைக் இல்லை. பிடில் இல்லை, மிருதங்கம் இல்லை. டிக்கெட்டும் இல்லை.

ஒரு வீட்டுத் திண்ணை. அதில் ஒரு மனிதர். அவரே எழுதிய பாட்டு. அவரே போட்ட மெட்டு. பாடியதும் அவரே.

கேட்டவர் வீட்டுக்குள் இருந்த ஒரே ஒரு ஆள். அவரும் "இந்தப் பாட்டில் பிழை இருக்கிறது" என்று பல நாளாகத் தட்டிக் கழித்து வந்தவர்!

பாடி முடித்தபோது உள்ளே இருந்தவர் வெளியே வந்தார். பழைய மனசோடு அல்ல, உருகிய மனசோடு!

பாடியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். கேட்டவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பாட்டு, சிதம்பரம் போகத் துடித்த நந்தனின் கதை.

மாயவரத்தில் நடந்தது இது. நூற்று அறுபது வருடம் ஓடிவிட்டது. ஆனாலும் மார்கழித் திருவாதிரைக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ் நிரம்பி வழியும்போது, நந்தன் பேச்சு வராமல் போவதில்லை.

பாட்டுக்காரர்களின் பாதை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே சுமார் 45 கிலோ மீட்டர். இந்தப் பகுதி முழுக்கத் தனியாகப் பாடியவர்களின் பூமி!

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில்தான், கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் பாடியபடியே கரையேறினார் என்பது ஐதீகம். சிதம்பரம் பக்கத்து மருதூரில் 1823-ல் பிறந்தவர் வள்ளலார். வடலூரில் சபை கண்ட அவர் பாடியது ஆயிரக்கணக்கில். சீர்காழி முத்துத்தாண்டவர் தில்லைக் கோவிலுக்குள் நுழைந்ததும் காதில் விழும் முதல் வார்த்தையை எடுத்து அன்றைய பாட்டைத் தொடங்குவார் என்பார்கள். சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கனில் பிறந்தவர் மாரிமுத்தாப் பிள்ளை.

இவர்கள் எல்லோருமே பாட்டு எழுதியவர்கள், தாங்களே பாடியவர்கள்.

அந்த வரிசையில் வந்தவர்தான் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் பிறந்தது நாகப்பட்டினம் பக்கம், நரிமணம். வாழ்ந்தது முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயவரம் என்று பல ஊர். ஆனால் மனசு மட்டும் எப்போதும் சிதம்பரத்தில்! நடராஜர் மீது அவர் பாடிய கீர்த்தனைகளுக்குக் கணக்கில்லை.

கலியாணம் செய்து கொள்ளாதவர். பெரிய சொத்து சுகம் கிடையாது. ஆளைப் பார்த்தால் "இவரா பெரிய பாட்டுக்காரர்?" என்று கேட்கும்படி எளிய தோற்றம்.

அவர் பாட்டைக் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?

தியாகையர் கேட்டார்

முதலில் திருவையாறு. இது நந்தன் கதை பிறப்பதற்கு முந்தைய சம்பவம்.

தியாகராஜரைப் பார்க்கப் போனார் பாரதியார். எந்த ஊர் என்று விசாரித்தார் தியாகராஜர். மாயவரம் பக்கம் என்று பதில் வந்தது. உடனே தியாகராஜர், அங்கே கோபாலகிருஷ்ண பாரதி என்று ஒருவர் இருக்கிறாரே, அவரைத் தெரியுமா என்று கேட்டாராம்!

எதிரே நிற்பவரே அவர்தான். பெயர் மட்டும் முன்னாலேயே திருவையாறு வந்து சேர்ந்துவிட்டது.

அப்போது சீடர்கள் ஆபோகி ராகத்தில் பாடிக் கொண்டிருந்தார்கள். "நீங்கள் ஆபோகியில் ஏதாவது செய்திருக்கிறீர்களா?" என்ற பொருளில் தியாகராஜர் விசாரித்தார். பாரதியார் வாய் திறக்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வந்தார். தில்லை நடராஜர் மீது ஆபோகியில் புதுக் கீர்த்தனை கையில் ரெடி. பாடிக் காட்டினார். தியாகராஜர் வியந்து பாராட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த ஆபோகிக் கீர்த்தனை இன்றைக்கும் கச்சேரி மேடைகளில் ஒலித்துக் கொண்டிருக்கிறது.

வாயால் பதில் சொல்லவில்லை, பாட்டால் சொன்னார். அதுதான் பாரதியார்!

லீவு கேட்ட நந்தன்

அப்படிப்பட்டவர் எடுத்துக் கொண்ட பெரிய வேலை, நந்தனார் சரித்திரம்.

கதை பழசு. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னதுதான். கொள்ளிடக் கரை ஆதனூரில், தீண்டாதார் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சேரியில் பிறந்தவர் நந்தனார். கோவில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுப்பார். உள்ளே போக அனுமதி இல்லை. வெளியே நின்றே கும்பிடுவார். திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகியது. சிதம்பரம் போக ஆசை. "நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே நாள் கழிந்தது. திருநாளைப்போவார் என்று பெயரே வந்துவிட்டது.

பெரியபுராணத்து நந்தனார் போகத் தயங்கியதற்குக் காரணம், தன் குலத்தை நினைத்து அவருக்கு வந்த கூச்சம். அவரைத் தடுக்க முதலாளி என்று யாரும் அங்கே இல்லை.

பாரதியார் செய்தது என்ன தெரியுமா? நந்தனுக்கு ஒரு முதலாளியைப் படைத்தார்!

அவர் ஒரு வேதியர். நிலச்சுவான்தார். நந்தன் அவருடைய பண்ணையாள். "சிதம்பரம் போய் வரட்டுமா, சாமி?" என்று நந்தன் கெஞ்சுகிறான். வேதியர் ஏசுகிறார், விரட்டுகிறார். கடைசியில் ஒரு நிபந்தனை. "நாற்பது வேலி நிலத்தில் அறுவடையை முடி. அப்புறம் போ!"

ஒரு ஆள் செய்யக்கூடிய வேலையா அது? "லீவு இல்லை" என்று நேராகச் சொல்லாமல் சொல்லும் சாமர்த்தியம்! இன்றைக்கும் ஆபீசில், கடையில், பட்டறையில் இதைக் கேட்டவர்கள் உண்டு. "இந்த வேலையை முடிச்சுட்டுப் போப்பா" என்பார்கள். வேலை முடிகிற வேலையாக இருக்காது.

கதையில் இறைவன் அருளால் ஒரே ராத்திரியில் நாற்பது வேலியும் முடிந்து கிடக்கிறது. அதைப் பார்த்த வேதியர் நடுங்கிப் போகிறார். நந்தன் காலிலேயே விழுகிறார்!

பண்ணையாள் காலில் முதலாளி. அதுவும் தஞ்சை ஜில்லாவில், மிராசுதார்கள் கொடிகட்டிப் பறந்த 19-ம் நூற்றாண்டில்! எழுதியவரும் ஒரு பிராமணர். வாழ்ந்ததும் மிராசுதார்கள் ஆதரவில். தைரியம் இல்லாமல் இதைப் பாடியிருக்க முடியாது.

தெருப் பாட்டும் உண்டு

பாட்டுகளையும் அவர் படித்தவர்களுக்கென்று மட்டும் கட்டவில்லை. ராகக் கீர்த்தனைகள் ஒரு பக்கம். நொண்டிச் சிந்து, கண்ணி என்று தெருவிலும் வயலிலும் பழகின மெட்டுகள் இன்னொரு பக்கம். வார்த்தைகளும் பேச்சு வழக்கில் புழங்குகிறவை.

நாகப்பட்டினத்தில் பாடினார்; கூட்டம் மயங்கியது. பக்கத்துக் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர். அங்கே கலெக்டராக இருந்த சிசே என்ற துரைக்கும் இந்தக் கதை பிடித்துப் போயிற்று. அவருடைய உதவியோடு 1860-களின் தொடக்கத்தில் நந்தனார் சரித்திரம் புத்தகமாக அச்சேறியது.

பெரியபுராணம் படிக்காத வெள்ளைக்கார துரை மயங்கினார். பெரியபுராணம் கரைத்துக் குடித்த புலவர்? அவர்தான் மசியவில்லை!

மறுத்தார் மகாவித்துவான்

அந்தக் காலத்தில் ஒரு நூல் வெளிவந்தால் பெரிய புலவர் ஒருவர் சிறப்புப் பாயிரம் பாடித் தர வேண்டும். அதுதான் நூலுக்கு முத்திரை.

சோழ நாட்டில் அப்போது அந்த முத்திரைக்குரிய ஆள் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-ல் பிறந்தவர். தலபுராணங்களாகப் பாடிக் குவித்தவர். இலக்கணத்தில் நெருப்பு.

பாரதியார் அவரைத் தேடி வந்தார். பிள்ளை ஏட்டைப் பார்த்தார். ஒன்று, இலக்கண வழுக்கள் இருந்தன. இரண்டு, சேக்கிழார் சொல்லாததெல்லாம் கதையில் இருந்தது. இதற்கு எப்படிப் பாயிரம் தருவது?

நேராக மறுக்கவும் மனம் இல்லை. "பிறகு பார்க்கலாம்" என்ற போக்கில் நாளைக் கடத்தினார். பாரதியாரும் விடவில்லை. மறுபடி மறுபடி நடந்தார்.

"நாளைப் போவேன்" என்ற நந்தனின் கதையைப் பாடியவருக்கே "நாளைக்கு வாரும்" என்ற பதில்!

திண்ணையில் என்ன நடந்தது?

ஒரு நாள் வந்தபோது பிள்ளை உள்ளே இளைப்பாறிக் கொண்டிருந்தார். எழுப்பத் தோன்றவில்லை. பாரதியார் திண்ணையிலேயே உட்கார்ந்தார்.

சும்மா இருக்க முடியுமா பாட்டுக்காரருக்கு? நந்தன் பாட்டுகளைத் தனக்குத்தானே பாட ஆரம்பித்தார். யாரையும் மயக்க அல்ல, பாயிரத்துக்காகவும் அல்ல. நந்தன் எப்படி ஏங்கினானோ அப்படியே உருகிப் பாடினார்.

உள்ளே இருந்த பிள்ளை காதில் விழுந்தது. ஏட்டில் பார்த்தபோது வழுவாகத் தெரிந்த வார்த்தைகள்தான். பாடக் கேட்டபோது வழு தெரியவில்லை. நந்தனின் ஏக்கம்தான் தெரிந்தது. பெரும் புலவர் மனம் கரைந்தது. இவ்வளவு பக்தியுள்ளவரை அலைய விட்டோமே என்று வருந்தினார். அதற்கு மேல் தாமதிக்காமல் சிறப்புப் பாயிரம் பாடிக் கொடுத்தார்.

வாதம் செய்து ஜெயிக்க முடியாததை ஒற்றைக் குரல் ஜெயித்துவிட்டது!

சீடர் எழுதி வைத்தார்

இந்தச் செய்தி நமக்குக் கிடைத்தது எப்படி? பிள்ளையின் மாணவர் உ.வே.சாமிநாத ஐயரால். தமிழ்த் தாத்தா கேட்டதையும் பார்த்ததையும் எழுதி வைத்தார். பாரதியாரைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

அவரும் ஒரு ரசிகர்தான். 1871-ல் பிள்ளையிடம் தமிழ் படிக்க மாயவரம் வந்த வாலிபர், இன்னொரு பக்கம் பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக் கொண்டிருந்தார். சங்கதி பிள்ளை காதுக்குப் போயிற்று. சங்கீதத்தில் மனசு போனால் இலக்கியத்தில் நிற்காது என்பது அவர் எண்ணம். பாட்டு வகுப்பு நின்றது!

திண்ணையில் உருகிய அதே பிள்ளைதான். பாட்டு ஆளை எப்படி இழுக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

சிதம்பரம் வந்து சேர்ந்தது

பிறகு தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் கதாகாலட்சேபமாகச் சொல்ல, நந்தன் ஊர் ஊராகப் போனான். 1935-ல் சினிமாவுக்கும் வந்தான். "பக்த நந்தனார்" படத்தில் நந்தன் வேடம் போட்டவர் கே.பி.சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்றதும் நாடே வாயைப் பிளந்தது. வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

1942-ல் ஜெமினியின் "நந்தனார்". நந்தனாக எம்.எம்.தண்டபாணி தேசிகர். அந்தத் தேசிகரே பின்னாளில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராக வந்து அமர்ந்தார். 1941 ஆகஸ்டில் தமிழிசை மாநாடு நடந்ததும் அதே அண்ணாமலைநகரில்தான்.

திரையில் சிதம்பரம் போகத் துடித்தவர், நிஜத்தில் சிதம்பரத்துக்கே வேலைக்கு வந்துவிட்டார்!

கேள்வி ஒன்று பாக்கி

ஆனால் கதையின் முடிவைக் கேட்டு எல்லோரும் உருகவில்லை.

சேக்கிழார் கதையிலும் சரி, பாரதியார் கதையிலும் சரி, நந்தன் தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் உள்ளே போகிறான். "மற்றவர்கள் நடந்து போன வாசலுக்கு நந்தன் மட்டும் ஏன் நெருப்பு வழியாகப் போகணும்?" என்ற கேள்வி எழுந்தது. இன்றும் எழுகிறது.

அதற்குச் சிதம்பரத்திலேயே ஒருவர் வேறு வழியில் பதில் தேடினார். சுவாமி சகஜானந்தர். 1916-ல் நந்தனார் பெயரிலேயே அங்கே பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் படிக்க வந்தார்கள். 1947-ல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது. சட்டப்படி கோவில் கதவு எல்லோருக்கும் திறந்தது. நெருப்பு தேவைப்படவில்லை.

பாட்டு சட்டம் போடாது, பள்ளிக்கூடமும் கட்டாது. ஆனால் காதைப் பொத்திக் கொண்டவரையும் கேட்க வைக்கும். திண்ணையில் பாடியவர் அதைச் செய்தார்.

மார்கழித் தேருக்குக் கடலூரிலிருந்து பஸ் பிடிக்கிற கூட்டத்தில் எத்தனையோ பேர், முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டு வாங்கி வருகிறவர்கள்தான். லீவு கிடைக்காமல் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று வேலைக்குத் திரும்பியவர்களும் உண்டு.

நந்தனின் ஏக்கம் என்ன என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை!